தடித்த பாதமுள்ள எழுத்து

அன்புள்ள அண்ணா,

எங்கள் பள்ளிக்கூட நூற்றாண்டு மலருக்கு நான்தான் பக்கம் வடிவமைக்கிறேன். அட்டையின் ஆங்கிலத் தலைப்புக்கு ரொக்வெல் எழுத்துருவைப் போட்டேன். மலர்க்குழுவில் உள்ள பழைய மாணவர் ஒருவர், "இது கச்சேரிக் கடிதம் மாதிரியும் கிடக்கு, கௌபோய்ப் பட போஸ்டர் மாதிரியும் கிடக்கு" என்று சொல்லி, ரைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா? உள்ளே ஆங்கிலக் கட்டுரைகளுக்கும் ரொக்வெல்லையே போடலாமா? தமிழிலும் இப்படிப் பாதம் வைத்து எழுத்துச் செய்ய முடியாதா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அந்தப் பெரியவரின் கண் கூர்மையானது. ரொக்வெல்லின் இரண்டு சொந்தக்காரரையும் சரியாகப் பிடித்திருக்கிறார்.

ரைம்ஸில் எழுத்தின் பாதம், அதாவது கோட்டின் நுனியில் நிற்கிற சின்னக் குறுக்குக்கோடு, மயிரிழையாக மெலிந்து முடியும். ரொக்வெல் சேர்ந்த தடித்த பாத வகைக்கு ஸ்லாப் செரிப் என்று பெயர்; அதில் தண்டும் பாதமும் ஏறத்தாழ ஒரே தடிப்பு. 1810களில் இலண்டனில் வின்சன்ட் ஃபிகின்ஸ் வார்த்த காலத்திலேயே இது விளம்பரத்துக்கான எழுத்து. தூரத்திலிருந்து கண்ணை இழுப்பதுதான் அதன் வேலை. அமெரிக்க மர அச்செழுத்துக்காரர் பாதத்தைத் தண்டைவிடவும் தடிப்பாக்கினார்கள். கௌபோய் போஸ்டர் வாசனை அங்கிருந்து வருவது. கச்சேரி வாசனை, அதாவது அரசாங்க அலுவலகக் கடிதத்தின் வாசனை, ரைப்ரைட்டருடையது. அதில் ஆங்கில 'm'முக்குக் கிடைக்கும் அகலம்தான் 'i'க்கும். ஒல்லியான 'i' அந்த இடத்தை நிரப்ப அகலப் பாதம் வைத்தாக வேண்டும். 1950களில் ஐபிஎம்முக்காக ஹொவர்ட் கெட்லர் வரைந்த கூரியர் எழுத்துருவைப் பாருங்கள், விளங்கும்.

ரொக்வெல் இந்த இரண்டும் இல்லை. 1934இல் மொனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனம் வெளியிட்டது. கவராயமும் அடிமட்டமும் வைத்துக் கீறியது போன்ற எழுத்து. கடைப் பலகைக்கு நல்லது. நூறு வருடப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் விறைப்பு. நான் என்றால் கிளரெண்டன் போடுவேன். 1845இல் இலண்டன் ஃபான் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தில் ரொபர்ட் பெஸ்லி வெளியிட்டது. தண்டும் பாதமும் சேருமிடத்தில் ஒரு வளைவு இருக்கும்; அந்த வளைவுதான் முகத்தை இளக்குகிறது. சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில் தடித்த துணையாக நிற்கவென்றே செய்தார்கள், அகராதியில் தலைச்சொல் எடுப்பாய்த் தெரிய. உங்கள் அட்டைக்குத் தேவையும் அதுதானே?

ரைம்ஸுக்கு மட்டும் மாற்றாதீர்கள். தடித்த தமிழ்த் தலைப்புக்குக் கீழே அது காய்ச்சலில் கிடந்து எழும்பின ஆள் மாதிரி வெளிறிப்போகும். இரண்டு மொழிக்கும் புள்ளி அளவை (பொயின்ட் சைஸ்) ஒன்றாக்கப் பார்க்காமல், கோட்டின் தடிப்பு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.

உள்ளே கட்டுரைக்கு ரொக்வெல் வேண்டாம். பத்தி முழுக்கக் கறுத்து, சுவராகிவிடும். (வாசிக்கவென்றே மெலிதாக வரைந்த ஸ்லாப்புகளும் உண்டு, கின்டில் மின்னூல் கருவியில் நெடுங்காலம் இருந்த சீசிலியா அப்படி ஒன்று.)

தமிழுக்குப் பாதம் வைக்கிற ஆசை எனக்குப் பிடிக்கவில்லை. அழகு பற்றிய சண்டை இல்லை இது. ஓலைச்சுவடியில் 'ர'வும் 'ா'வும் ஒரே கோடுதான். ஏடு பெயர்த்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அச்சில் 'ர'வைப் பிரித்துக் காட்டுவது அதன் அடியில் சரிகிற அந்தச் சின்னக் கீற்று. நீங்கள் 'ா'வுக்கும் அடியில் பட்டை ஒட்டினால் 'பாதை' 'பரதை' ஆகிவிடும். தமிழுக்குத் தடிப்பு வேண்டுமென்றால் கோட்டையே தடிப்பாக்குங்கள். நுனிகளைப் பாதம் வைக்காமல் நேராக வெட்டினபடி விடுங்கள், போதும்.

கிளரெண்டனுக்கு உரிமம் வாங்க வேண்டிவரும். மலருக்கு அவ்வளவு காசில்லை என்றால் ரொபோட்டோ ஸ்லாப் இலவசம். வளைவு கிடைக்காது, ஆனால் ரொக்வெல்லின் விறைப்பும் இல்லை. முடிவெடுக்க முதல், அச்சடிக்கப்போகிற அதே அட்டைத்தாளில் ஒரு பிரதி எடுத்து அந்தப் பெரியவரிடமே காட்டுங்கள்.