டப்பாவை முகர்ந்து பார்க்கும் அம்மா

கேள்வி: என் வயது 41. டெல்லி மயூர் விஹாரில் மனைவி, மகளோடு வசிக்கிறேன். அப்பா மறைந்தபின், மூன்று வருடங்களுக்கு முன்பு கும்பகோணம் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை இங்கே அழைத்து வந்தேன். அவருக்கு 69 வயது. சமீபத்தில் எங்கள் ஆபீஸில் ஆளுமைப் பரிசோதனை வைத்தார்கள். எனக்கு ஐ.என்.எஃப்.ஜே. என்ற வகை வந்தது. அதிலிருந்து, இந்த வகைகளுக்கு மூலமான உளவியலாளர் கார்ல் யுங் பற்றி நிறையப் படிக்கிறேன். எனக்கு இருப்பது அகமுக, அதாவது உள்பக்கம் பார்த்த, உள்ளுணர்வு. நடக்கப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அம்மாவுக்காக அந்தக் கேள்விகளுக்கு நானே பதில் போட்டுப் பார்த்தேன். ஐ.எஸ்.எஃப்.ஜே. வந்தது, அதாவது அகமுகப் புலனுணர்வு. அப்படியே பொருந்துகிறது. பழசை விடமாட்டார். நாற்காலியை ஓரடி நகர்த்தினால் சண்டை. மனைவி சமையலறையைப் புதிதாக ஒழுங்குபடுத்தி எல்லா டப்பாவுக்கும் லேபிள் ஒட்டியிருக்கிறாள். அப்படியும் ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் எடுப்பார். வேலைக்கு வரும் பெண் பருப்பை மாற்றி வைக்கிறாள் என்று சந்தேகம் வேறு. கிருத்திகைக்குக் கிருத்திகை மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தவர், இப்போது "இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்" என்கிறார். எங்கள் இரண்டு வகையும் ஒரே வீட்டில் ஒத்துப்போவது கஷ்டம் என்று படித்தேன். கோவையில் ஒரு முதியோர் குடியிருப்பைப் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கே நன்றாக இருப்பார் என்று என் உள்ளுணர்வு சொல்கிறது. இதை அவரிடம் எப்படிப் பக்குவமாக எடுத்துச் சொல்வது?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: தம்பி, அந்த லேபிள் எந்த மொழியில் இருக்கிறது?

நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். யுங்குக்கு இரண்டு பக்கம், கோவைக் குடியிருப்பின் வசதிகளுக்கு ஒரு பக்கம். அம்மா டப்பாவை முகர்ந்து பார்ப்பதற்கு ஒரே ஒரு வரி. போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

நாற்பது வருஷமாக அடுப்படியில் நிற்கிறவள் சொல்கிறேன், கேளுங்கள். சமைக்கிறவள் எதை முகர்ந்து பார்ப்பாள்? நெய் காறிவிட்டதா, காலையில் வைத்த சாம்பார் ராத்திரிக்குத் தாங்குமா, பெருங்காயம் அசல்தானா என்று பார்ப்பாள். சீரகத்தை யாரும் முகர்வதில்லை, தம்பி. பார்த்தாலே தெரியும். சீரகமா சோம்பா என்று மூக்கைக் கேட்கிற நிலைமை, கண் பதில் சொல்லாதபோதுதான் வரும். லேபிள் ஆங்கிலத்தில் இருந்தால் உங்கள் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். தமிழில் இருந்தும் முகர்கிறார் என்றால் எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். இதில் எதற்கும் யுங் தேவையில்லை.

இனி நீங்கள் குணம் குணம் என்று அடுக்கியதையெல்லாம் திரும்பப் பாருங்கள். நாற்காலிச் சண்டை. பார்வை மங்கியவர்கள் வீட்டை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். கட்டிலிலிருந்து எத்தனை எட்டு, எங்கே திரும்புவது, எதைப் பிடித்துக்கொள்வது என்று எல்லாம் கணக்கு. நாற்காலியை ஓரடி நகர்த்தினால் முழங்காலில் இடிக்கும். சண்டை போடாமல் கொஞ்சுவார்களா? பருப்புச் சந்தேகம். புது டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே மூடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். மங்கிய கண்ணுக்குத் துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஒன்றுதான், மூக்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. குக்கரைத் திறக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதானே தோன்றும்? அப்புறம் மலை மந்திர். அங்கே படி இருக்கிறது. கிருத்திகை என்றால் கூட்டமும் இருக்கும். கண்ணில் புரை விழுந்திருந்தால் எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணுக்குள் சிதறும், அந்தி நேரத்தில் படியின் விளிம்பு தெரியாது. முருகன் மேல் பக்தி குறைந்துபோயா வீட்டிலிருந்தே கும்பிடுகிறார்?

நான் டாக்டர் இல்லை. என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு தடவை நானும் உங்களைப் போலவே சிரித்திருக்கிறேன். கரோல் பாகில் இருந்தபோது என் மாமனார் ரூபாய் நோட்டை விரலால் தடவித் தடவி எண்ணுவார். பத்து ரூபாயை இரண்டாக மடிப்பார், நூறை நாலாக மடிப்பார். தஞ்சாவூர்க் கஞ்சத்தனம் என்று வீடே கேலி செய்தது. அது கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் என்று தெரிந்தபோது ஒரு கண் முழுசாகப் போயிருந்தது. கண்புரையாக இருந்தால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். கிளாக்கோமாவில் போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். இதில் நாள் தள்ளக் கூடாது என்பதை நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

"ஆனால் யுங் சொன்னது அம்மாவுக்கு அச்சாகப் பொருந்துகிறதே" என்பீர்கள். பொருந்தும். ராசிபலன்கூடத்தான் பொருந்துகிறது. யுங்கை ராசிபலனோடு சேர்ப்பதும் நியாயமில்லை, அதனால் அவர் என்ன சொன்னார் என்று பார்த்துவிடுவோம். 1921இல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் மனத்துக்கு நான்கு வேலைகள் என்றார். சிந்திப்பதும், இது உகந்ததா இல்லையா என்று மதிப்பிடுவதும் தீர்ப்பு சொல்கிற வேலைகள். புலனால் உணர்வதும் உள்ளுணர்வால் பிடிப்பதும் வெறுமனே வாங்கிக்கொள்கிற வேலைகள். ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் பார்த்து இருக்கலாம், உள்பக்கம் பார்த்தும் இருக்கலாம். உள்பக்கம் பார்த்த புலனுணர்வுக்கு ஓவியர்களை உதாரணம் காட்டுகிறார். ஒரே இயற்கைக் காட்சியைப் பல ஓவியர்கள் உள்ளது உள்ளபடி வரைய உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு படம்தான் வரும். வெளியே இருக்கிற பொருளைவிட, அது உள்ளே விழுந்த விதம்தான் இந்த வகையாரை நடத்துகிறது. பழக்கத்தை விடமாட்டார்கள், பழசோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று நீங்கள் படித்ததெல்லாம் பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் ஏற்றிய சுமை.

இந்த வகையாரின் அடிமனத்தில் கிடக்கும் உள்ளுணர்வு, எங்கே பார்த்தாலும் இருட்டான, ஆபத்தான சாத்தியங்களையே மோப்பம் பிடிக்கும் என்றும் யுங் எழுதியிருக்கிறார். பருப்பு மாறுகிறது என்ற சந்தேகம் அதில் போய் எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள்! கண்புரையிலும் அதே அழகோடு உட்காருகிறது. ஒரே வித்தியாசம், கண்புரைக்கு வைத்தியம் உண்டு.

சரி, உங்கள் வகைக்கு வருவோம். அதைப் பற்றிப் பூரிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அகமுக உள்ளுணர்வுக்கு யுங் சொல்கிற உதாரணம், மனக்கலக்கத்தால் வரும் தலைசுற்றல். புலனுணர்வுக்காரர் அந்தச் சுற்றலையே கவனிப்பார், எப்போது வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று. உள்ளுணர்வுக்காரருக்கு அது கதவைத் தட்டுகிற சத்தம் மட்டும்தான். கதவுக்குப் பின்னால், நெஞ்சில் அம்பு பாய்ந்து தள்ளாடுகிற ஒரு மனிதனின் உருவம் அவருக்குத் தெரியும். அந்த உருவத்தை விடாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். பெரிய வரம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பகுதியில் கொஞ்சம் கீழே போனால், இந்த ஆட்களுக்கு மிகவும் பலவீனமான இடம் எது என்று எழுதியிருக்கிறது. அந்த இடம் வெளிப்பக்கப் புலனுணர்வு, அதாவது கண்ணெதிரே கிடப்பதைப் பார்ப்பது. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்ததாம் என்று நம் வீட்டுப் பாட்டிகள் ஒரே வரியில் முடித்ததைத்தான் அவர் பக்கக்கணக்கில் எழுதினார். தன்னிடம் உள்ளுணர்வு நிறைய, யதார்த்தத்தோடு உறவு அவ்வளவு சிலாக்கியமில்லை என்று 1959இல் பி.பி.சி. பேட்டியில் அவரே ஒப்புக்கொண்டார். அப்போது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நீங்கள் 41இலேயே ஒப்புக்கொள்ளலாம். பரிசோதனை சொன்னது நிஜம் என்றால், அம்மாவின் கண்ணைக் கவனிக்கத் தவறுகிற ஆள் என்றுதான் அது உங்களைப் பற்றிச் சொல்கிறது.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. இந்த வகையார் தான் காண்கிற காட்சியை வேடிக்கை பார்ப்பதோடு நின்றுவிடுவார்கள். இதைப் பார்த்ததால் எனக்கு என்ன கடமை வருகிறது என்று எப்போது கேட்கிறார்களோ, அப்போதுதான் அவர்களுக்கு அறம் பற்றிய கேள்வியே பிறக்கும் என்கிறார். உங்கள் நான்கு பக்கத்தில் உள்ளுணர்வு என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். கடமை ஒரு இடத்திலும் இல்லை.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது வேறோர் இடத்தில். அம்மாவுக்காக நீங்களே பதில் போட்டீர்களாம்! பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற மனுஷியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நான்கெழுத்துப் பரிசோதனை எப்படிப் பிறந்தது என்று ஆபீஸில் சொன்னார்களா? அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும், இசபெல் மையர்ஸ் என்ற மகளும் சேர்ந்து உண்டாக்கியது அது. இரண்டு பேரும் முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. மருமகனாக வரப்போகிறவர் நம் குடும்பத்தாரைப் போல யோசிக்கவில்லையே, ஏன் என்று அந்த அம்மா யோசிக்கத் தொடங்கியதில் ஆரம்பித்த கதை. வீட்டுக்கு வரும் ஆளைப் புரிந்துகொள்ளப் பிறந்ததை நீங்கள் வீட்டில் இருக்கும் ஆளை அனுப்பப் பயன்படுத்துகிறீர்கள். யுங்குக்கோ, பார்த்தவுடன் ஆட்களுக்குச் சீட்டு ஒட்டுவதே பிடிக்காது. அது சின்னப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று 1934இல் தன் புத்தகத்தின் முன்னுரை ஒன்றில் கண்டித்திருக்கிறார். உங்கள் வீட்டில் டப்பாவுக்கும் சீட்டு ஒட்டியாயிற்று, அம்மாவுக்கும் ஒட்டியாயிற்று.

முதியோர் குடியிருப்பு என்றாலே பாவம் என்கிற ஆள் நான் இல்லை. தானே விரும்பிப் போய், கச்சேரியும் சீட்டுக்கட்டுமாகச் சந்தோஷமாக இருக்கிறவர்களைத் தெரியும். அவர்கள் போனார்கள், யாரும் அனுப்பவில்லை. கும்பகோணத்துக்காரருக்குக் கோவை என்ன பிறந்த ஊரா? கண் சரியில்லாத ஒருவரை, தட்டித் தடவி மனப்பாடம் செய்து வைத்திருக்கும் வீட்டிலிருந்து பெயர்த்துத் தெரியாத ஓர் அறையில் கொண்டுபோய் வைத்தால், அவருக்கு முதல் நாளிலிருந்து எல்லாமே மறுபடி ஒன்றாம் வகுப்பு. பெற்றவளின் கண்ணைப் பார்க்காமல் அவள் இருக்க வேண்டிய இடத்தை முடிவு செய்ய எந்த மகனுக்கும் உரிமை கிடையாது. இது பழைய பஞ்சாங்கம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அதனால் பக்குவமாக எடுத்துச் சொல்வது எப்படி என்ற உங்கள் கேள்விக்கு என்னிடமிருந்து பதில் வராது.

அம்மா ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கண் தெரியவில்லை என்று சொன்னால் அடுத்த நாளே, "நீங்க அடுப்புப் பக்கம் வராதீங்கம்மா" என்பீர்கள். அன்போடுதான் சொல்வீர்கள். ஊர், வீடு, புருஷன் எல்லாம் போனபின் அவரிடம் மிச்சம் இருப்பது அந்த அடுப்பு ஒன்றுதான். அதற்காக ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து சமாளிக்கிறார். உங்கள் மனைவி மேல் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்தப் பெண் நல்லது நினைத்துத்தான் லேபிள் ஒட்டியிருப்பாள்.

வரும் வாரம் ஒரு நாள் லீவு போடுங்கள். மனைவியை அனுப்பாதீர்கள், டிரைவரோடும் அனுப்பாதீர்கள். மயூர் விஹாரிலிருந்து பிங்க் லைனில் ஐ.என்.ஏ. வந்து மஞ்சள் லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் எய்ம்ஸ். ஆர்.பி. சென்டர் என்று சொல்கிற கண் மருத்துவ மையம் அங்கேதான் இருக்கிறது. கூட்டத்துக்குப் பயந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல கண் டாக்டரைப் பாருங்கள். கண்ணாடிக் கடையில் நம்பர் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. புரை இருக்கிறதா, கண்ணுக்குள் அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை இருந்தால் விழித்திரை எப்படி இருக்கிறது, மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே பார்ப்பதற்குச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். மெட்ரோ படியில் அவர் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்குத்தான் உங்களைப் போகச் சொல்கிறேன்.

போவதற்கு முந்தின ராத்திரி ஒரு வேலை. கும்பகோணத்திலிருந்து வந்த சாமான்களில் அம்மாவின் அஞ்சறைப் பெட்டி நிச்சயம் இருக்கும், அநேகமாகப் பரண்மேல். நீங்களே ஏறி எடுத்துத் துடைத்து, அடுப்புக்கு எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று அம்மாவிடம் கேளுங்கள். எதில் சீரகம், எதில் கடுகு என்று அவரே சொல்வார். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் நிரப்புங்கள்.