கேள்வி – பதில்: ‘ஹி டேக்ஸ்’ இருக்க ‘ஹி டேக்’ எதற்கு?

கேள்வி: அலுவலகக் கடிதம் ஒன்றில் ‘தி டாக்டர் ரெக்கமெண்டட் தட் ஹி டேக் மெடிக்கல் லீவ்’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி ‘டேக்’ என்பதை அடித்து ‘டேக்ஸ்’ என்று திருத்திவிட்டார். உடன் பணிபுரிபவரோ ‘ஷுட் டேக்’ என்றுதான் வர வேண்டும் என்கிறார். எது சரி?
– எழுத்தர், திருச்சி

பதில்: நீங்கள் எழுதியதே சரி. மருத்துவர் சொன்னது நடந்துகொண்டிருக்கும் ஒன்றைப் பற்றிய செய்தி அன்று. நடக்க வேண்டிய ஒன்றைப் பற்றிய பரிந்துரை. ரெக்கமெண்ட், சஜஸ்ட், டிமாண்ட், ரிக்வெஸ்ட் போன்ற வினைகளுக்கும் ‘இட் இஸ் எசென்ஷியல்’ போன்ற தொடர்களுக்கும் பின்னால் ‘தட்’ என்று தொடங்கும் பகுதியில் ஆங்கிலம் சப்ஜங்டிவ் எனப்படும் வடிவத்தைப் பயன்படுத்துகிறது. அங்கே வினைச்சொல் எந்த ஒட்டும் ஏற்காமல் நிற்கும்: ‘ஹி’, ‘ஷி’ வந்தாலும் ‘எஸ்’ சேராது, முன்னால் ‘ரெக்கமெண்டட்’ என்று இறந்தகாலம் இருந்தாலும் அது மாறாது, ‘இஸ்’, ‘வாஸ்’ ஆகியவற்றின் இடத்தில் வெறும் ‘பி’ வரும். எதிர்மறையிலும் ‘டஸ்’ தலைகாட்டாது. ‘ரெக்கமெண்டட் தட் ஹி நாட் டிரைவ்’ என்பது நம் காதுக்குப் பிழையாகவே ஒலித்தாலும் முற்றிலும் சரியான ஆங்கிலம்.

உடன் பணிபுரிபவர் சொல்லும் ‘ஷுட் டேக்’ பிழையன்று; பிரிட்டனில் நெடுங்காலமாகப் புழங்குவது, அந்த வழியிலேயே ஆங்கிலம் கற்ற நமக்கும் பழகியது. மேலதிகாரியின் ‘டேக்ஸ்’ கூடப் பிரிட்டிஷ் பேச்சில் கேட்கக்கூடியதே. ஆனால் அமெரிக்கர் ஒருவர் அதைப் படித்தால் பிழை என்றே கொள்வார். 1926-இல் பிரிட்டிஷ் அகராதியாளர் ஹென்றி ஃபௌலர், சில குறிப்பிட்ட இடங்கள் தவிர சப்ஜங்டிவ் சாகும் தறுவாயில் இருப்பதாகக் கருதினார். அமெரிக்காவில் நடந்ததோ வேறு. முத்துத் துறைமுகத் (பேர்ல் ஹார்பர்) தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, போர் நிலையை அறிவிக்கும்படி நாடாளுமன்றத்தைக் கேட்ட அதிபர் ரூஸ்வெல்ட், ‘ஐ ஆஸ்க் தட் தி காங்கிரஸ் டிக்ளேர்’ என்றார். ‘டிக்ளேர்ஸ்’ என்று சொல்லவில்லை. பின்னர் பிரிட்டிஷ் எழுத்திலும் இவ்வழக்கு ஓரளவு திரும்பி வந்தது.

இது வெறும் நடைச் சிறப்பு என்று எண்ணிவிட வேண்டாம். ‘இன்சிஸ்ட்’ என்ற வினையை எடுத்துக்கொண்டால் பொருளே மாறிப்போகும். ‘தி மேனேஜர் இன்சிஸ்டட் தட் ஹி பி பிரசன்ட்’ என்றால், அவர் வந்தே தீர வேண்டும் என்று மேலாளர் வற்புறுத்தினார் என்று பொருள். ‘பி’ இருந்த இடத்தில் ‘வாஸ்’ என்று எழுதினால், அவர் அங்கே இருந்தார் என்று மேலாளர் அடித்துச் சொன்னார் என்றே பெரும்பாலோர் கொள்வர். முன்னது கட்டளை, பின்னது சாட்சியம். ஒழுங்கு நடவடிக்கை தொடர்பான கோப்பில் இவ்விரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்று எழுத்தராகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ‘சஜஸ்ட்’ என்பதற்கும் இவ்வாறே இரு முகங்கள் உண்டு. ‘தி எவிடன்ஸ் சஜஸ்ட்ஸ் தட் ஹி இஸ் கில்ட்டி’ என்னும்போது சான்று எதையும் பரிந்துரைக்கவில்லை, சுட்டிக்காட்டுகிறது. ஆகவே அங்கே ‘பி’ எழுதுவதுதான் பிழை. வினையைப் பார்த்து விதியைப் பொருத்தாமல், அந்த இடத்தில் அதன் பொருளைப் பார்த்துப் பொருத்துங்கள்.

கேள்வி: ‘இஃப் ஐ வெர் யூ’ என்று கற்றுக்கொடுத்தார்கள். அப்படியானால் ‘இஃப்’ வந்தாலே ‘வெர்’ போட வேண்டுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: வேண்டாம். நான் நீங்களாக இருக்க முடியாது. உண்மைக்கு மாறான கற்பனை என்பதால்தான் அங்கே ‘வெர்’ வருகிறது. ‘இஃப் ஹி வாஸ் இன் தி ஆபீஸ் யெஸ்டர்டே, ஹி சைன்ட் தி ரெஜிஸ்டர்’ என்பதில் அவர் நேற்று வந்திருக்கவும் கூடும், வராமல் இருந்திருக்கவும் கூடும். கற்பனை எதுவும் இல்லை. அங்கே ‘வெர்’ போடுவது, கற்றவராகத் தோன்ற வேண்டும் என்ற ஆசையால் நேரும் பிழை. ‘ஐ ஆஸ்க்ட் இஃப் ஹி வாஸ் ரெடி’ என்பதிலும் ‘வாஸ்’ தான்.

கற்பனை வாக்கியங்களில்கூடப் பேச்சில் ‘இஃப் ஐ வாஸ்’ தாராளமாகப் புழங்குகிறது. அதை இப்போது பலர் குறையாகக் கொள்வதில்லை. தேர்விலும் முறையான எழுத்திலும் ‘வெர்’ எழுதுங்கள். ‘இஃப்’ இல்லாமல் வினையை முன்னால் கொண்டுவந்து ‘வெர் ஐ ரிச்’ என்று தொடங்கும்போது ‘வாஸ்’ என்பதற்கு இடமே இல்லை.

கேள்வி: ‘காட் சேவ் தி கிங்’ என்பதில் ‘சேவ்ஸ்’ ஏன் வரவில்லை?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை

பதில்: அது வாழ்த்து. நம் வியங்கோள் செய்யும் வேலையை அங்கே சப்ஜங்டிவ் செய்கிறது. ‘தை கிங்டம் கம்’ என்ற செபவரியைத் தமிழ் விவிலியம் ‘உம்முடைய ராஜ்யம் வருவதாக’ என்று வியங்கோளாகவே தந்திருப்பதைப் பாருங்கள். ‘லாங் லிவ்’, ‘கம் வாட் மே’, ‘பி தட் அஸ் இட் மே’ எல்லாம் இந்த வகையில் எஞ்சி நிற்பவையே. ஒரு வேறுபாடு உண்டு: தமிழில் எந்த வினையோடும் ‘க’ சேர்த்து இன்றும் புதிதாக வாழ்த்தலாம், ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் உறைந்துபோன தொடர்கள். நீங்களாக ஒரு வாழ்த்தை ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால் ‘மே’ என்று தொடங்குவதே பாதுகாப்பானது.