மண்டல விதிகள் நல்ல குடியிருப்புகளை உருவாக்குமா, கெடுக்குமா?

ஒரு நகரில் எந்த நிலத்தில் வீடு, எதில் கடை, எதில் தொழிற்சாலை வரலாம் என்று முன்கூட்டியே வகுப்பதுதான் மண்டல விதி. தமிழ்நாட்டில் 1971 ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வரும் முழுமைத் திட்டம் இதைத் தீர்மானிக்கிறது.

அடுத்த நிலத்தில் நடக்கும் தொழிலின் கேடு நம் வீட்டுக்குள் வந்துவிடும் என்பதே இதற்கான அடிப்படைக் காரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. 1996 இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. இத்தகைய தொழில்களை வீடுகளிடமிருந்து விலக்கி வைக்கும் விதி அவசியமானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

ஆனால் மளிகைக் கடையில் மண்ணெண்ணெயை அரிசி மூட்டையிலிருந்து தள்ளி வைப்பவர், பருப்பையும் உப்பையும் வேறு வேறு தெருவில் வைப்பதில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில், வங்காள எழுத்துப் பலகை தொங்கும் மெஸ், மருந்துக் கடை, நோயாளியின் உறவினர் தாமே சமைத்துக்கொள்ள அடுப்புடன் வாடகைக்கு விடும் அறை எல்லாம் நடந்துபோகும் தொலைவில் இருப்பதால்தான், மாதக்கணக்கில் சிகிச்சைக்குத் தங்குபவர்களால் சமாளிக்க முடிகிறது. இவற்றையும் பிரித்துவிட்டால் ஒவ்வொரு தேவைக்கும் ஆட்டோ பிடிக்க வேண்டியதுதான். எனவே கேடு தருவதை மட்டும் விலக்கும் விதி உதவும், அன்றாடத் தேவைகளையும் விலக்கும் விதி கெடுக்கும் என்பதே என் கருத்து.

பட்டா கையில் இருந்தால் எதையும் கட்டலாம் எனப் பலர் எண்ணுகிறார்கள். வருவாய்த் துறைப் பதிவில் நிலம் யார் பெயரில் உள்ளது என்பதையே பட்டா காட்டும், நிலத்தின் பயன்பாட்டை மாற்றத் தனி அனுமதி பெற வேண்டும்.