பாடுகிற பிள்ளைக்கு ஒரு படிப்பு

குடியாத்தத்திலிருந்து போன வாரம் ஓர் அம்மா, மேலே என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க மகளோடு வந்திருந்தார். பிள்ளை பிளஸ் டூ, கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப். திருவிழா மெல்லிசைக் கச்சேரிகளில் பாடுகிறாள். சித்தப்பா ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்துவிட்டாராம். கம்ப்யூட்டர் சயின்ஸ். நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறாராம். சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கியது.

அம்மா, கலங்காதீர்கள். ஆனால் நிலத்தை வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது சித்தப்பா இல்லை, நீங்கள். பிள்ளைக்குப் பிடிக்காத படிப்புக்குக் கடன் வாங்குவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு பாட்டு பாடச் சொன்னேன். மேலே போகப் போகத் தாடை தூக்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, கடைசி வரியில் குரல் கரகரத்தது. பாடி முடித்ததும், "ராக் பாடுறவங்க அவ்வளவு கத்தியும் தொண்டை போகலையே, எப்படி சார்?" என்று கேட்டாள். கையில் ஒரு நோட்டு. டென்மார்க்கின் குரல் பயிற்சியாளர் கேத்ரின் சடோலின் பாடும் ஒலியை நான்கு வகையாகப் பிரிப்பதையும், அமெரிக்கப் பாடகி ஜோ எஸ்டில் உருவாக்கிய பயிற்சி முறை குரல்வளையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பழக்குவதையும் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். இந்தப் பிள்ளையையா கோடிங் எழுத உட்கார வைப்பது?

பி.ஏ.எஸ்.எல்.பி. என்று ஒரு படிப்பு இருக்கிறது. செவித்திறனும் பேச்சும் மொழியும் சேர்ந்த பட்டம். இன்டர்ன்ஷிப்போடு நான்கு வருடம். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியிலேயே உண்டு. குரல் சிகிச்சையும் இதில் ஒரு பகுதி. 440 ஹெர்ட்ஸ் சுருதியில் பாடும்போது குரல் நாண்கள் நொடிக்கு 440 தடவை அதிர்கின்றன. வெறும் கண்ணுக்குத் தெரியாத அந்த அதிர்வை, மின்னி மின்னி எரியும் விளக்கால் மெதுவாக ஓடுவதுபோல் காட்டுகிற ஸ்ட்ரோபோஸ்கோபி கருவி குரல் சிகிச்சையில் இருக்கிறது. ஸ்ட்ராவை வாயில் வைத்து முனகும் பயிற்சி தெரியுமா? வாய்க்குள் தேங்கும் காற்றழுத்தம், குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைத் தணிக்கிறது. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேதான் தொடங்குகிறது. 1854-ல் சிறு கண்ணாடியும் சூரிய வெளிச்சமும் வைத்துத் தன் குரல் நாண்களையே பார்த்த மானுவல் கார்சியாவும் ஒரு பாட்டு வாத்தியார்தான்.

ஒன்று மட்டும் மறைக்கக் கூடாது. இது முழுக்கப் பாட்டுப் படிப்பு இல்லை. காது பரிசோதனை, திக்குவாய், பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்கள், பேசப் பிந்திய குழந்தைகள் எல்லாமே இதில் வரும். ஒரே சொல்லை நாற்பது தடவை சொல்லிக் கொடுக்கப் பொறுமை வேண்டும். அது இருக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். இல்லையென்றால் இதையும் திணிக்காதீர்கள். எங்கே சேர்ந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம், வெளிநாட்டு ஆன்லைன் பாட்டுச் சான்றிதழுக்கு இப்போது ஒரு பைசாவும் வேண்டாம்.

கரகரப்பு ஒரு மாதமாக இருக்கிறது என்றாள். விண்ணப்பம் அப்புறம். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை எந்தத் திருவிழா மேடையிலும் ஏற்றாதீர்கள்.