பக்கத்து இருக்கைப் பையன்

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகள் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறாள். இந்த ஆண்டு ஆட்டிசம் உள்ள ஒரு பையனை அவள் பக்கத்தில் உட்கார வைத்து, அவனுக்கு இவளைத் துணையாகவும் போட்டிருக்கிறார்கள். இடைவேளையில் கேன்டீனுக்கு அழைத்துப் போவது, புத்தகங்களை எடுத்து வைப்பது எல்லாம் இவள்தான். போன வாரம் இரண்டு நாள் சாப்பிடாமலேயே வீட்டுக்கு வந்தாள். அவனுக்கென்று தனிப் பள்ளி இல்லையா? வகுப்பை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?
- ஒரு தந்தை, செங்காங், சிங்கப்பூர்

பதில்: தம்பி, பிள்ளை பசியோடு வீட்டுக்கு வந்தது தவறுதான். நாளைக்கே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். வழக்கமான பள்ளிகளில் சிறப்புத் தேவை உள்ள மாணவர்களுக்கு உதவவென்று 2005ல் தனி அலுவலர்களை நியமிக்கத் தொடங்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நான் அந்த வேலையில் சேர்ந்தேன். ஒரு வகுப்பில் உதவி தேவைப்பட்ட ஒரு பையனும் பொறுமைசாலியான ஒரு சிறுமியும் இருந்தார்கள். அவனுக்கு எதற்கும் அவளையே கூப்பிட்டோம். மூன்றாம் தவணையில் அவள் இடைவேளை நேரத்தில் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொள்ள ஆரம்பித்தாள். அவள் அம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்பது வயதுப் பிள்ளைமேல் பெரியவர்கள் பார்க்க வேண்டிய வேலையைச் சுமத்தியிருக்கிறேன்.

அப்புறம் நான்கு பிள்ளைகளைச் சேர்த்தோம். ஆளுக்கு ஒரு வாரம். சாப்பிடும் நேரத்தில் யாருக்கும் பொறுப்பு இல்லை, நானே பார்த்துக்கொண்டேன். இதில் அதிகம் பயனடைந்தது அந்தப் பையன்தான். முன்பு அந்தச் சிறுமி காய்ச்சலில் வராத நாளில் வாசலிலேயே நின்று அழுவான். நான்கு பேரோடு பழகிய பிறகு, ஒருத்தி வராவிட்டால் இன்னொருவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். உங்கள் மகளின் பள்ளியிலும் இப்படிச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அங்கே இருக்கும் சிறப்புத் தேவை அலுவலரையும் சந்திப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தனிப் பள்ளி இல்லையா என்கிறீர்கள். இருக்கின்றன. கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு அவை மிக நல்ல இடம். 2019ல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து அவர்களையும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் சிங்கப்பூரில் சிறப்புத் தேவை உள்ள மாணவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் படிப்பது வழக்கமான பள்ளிகளில்தான். அந்தப் பையன் யாருடைய தயவிலும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை தம்பி. அது அவனுடைய வகுப்பும்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவே 2004ல் தொடங்கிய பாத்லைட் பள்ளிகூட, தன் மாணவர்கள் சிலருக்கு வழக்கமான பள்ளி வளாகத்திலேயே வகுப்பு நடத்துகிறது. அவர்கள் மற்ற பிள்ளைகளோடு பழக வேண்டும் என்பதற்காகத்தான்.

அதனால் வகுப்பை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். படிப்பு கெடும் என்ற பயம் இருந்தால், இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தொடக்கநிலை இரண்டு வரை வகுப்பில் 30 பேர்தான். மூன்றிலிருந்து 40 பேர் வரை இருப்பார்கள். சத்தம் கூடும், பாடம் கூடும். இந்த மாற்றம் எல்லாப் பிள்ளைகளையும் ஆட்டிவைக்கும். அந்தப் பையனுக்கு இன்னும் கஷ்டம். அன்றைய பாட வேளைகளைப் படமாக வரைந்து மேசையில் ஒட்டுவது, மணி அடிக்கப் போவதை ஐந்து நிமிடம் முன்பே சொல்வது, இப்படிச் சின்னச் சின்ன ஏற்பாடுகளே பாதிச் சிரமத்தைக் குறைத்துவிடும். நான் பார்த்த வகுப்புகளில் அந்தப் பட அட்டவணையை மற்ற பிள்ளைகளும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள். மறதிக்காரப் பிள்ளைகள் எந்த வகுப்பில்தான் இல்லை!

இன்று இரவு மகளிடம் ஒன்று கேளுங்கள். "அவனுக்கு என்னம்மா பிடிக்கும்?" அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த பெற்றோர் சந்திப்பில் அந்தப் பையனின் அம்மாவைத் தேடிப்போய், அதையே சொல்லிப் பேச்சை ஆரம்பியுங்கள். தன் மகனைப் பற்றி இன்னொரு பெற்றோர் வந்து பேசினாலே, புகார் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துப் பழகிய அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.