கீலருகே பிளந்த மடிக்கணினி உறை: நீங்களே சரிசெய்யலாமா?

“நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் மடிக்கணினியின் திரையைத் திறந்தபோது இடப்பக்கக் கீலருகே ‘படக்’கென்று ஒலி கேட்டது. இப்போது அந்த மூலையில் உறை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்து நிற்கிறது. திரை ஒழுங்காகவே தெரிகிறது. ஃபெவிகுவிக் போட்டு நானே ஒட்டிவிடலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஃபெவிகுவிக் மட்டும் வேண்டாம். அது காய்ந்தபின் எளிதில் நொறுங்கும். நீர்போல ஓடுவதால் கீலுக்குள்ளோ விசைப்பலகைக்குள்ளோ இறங்கி இறுகிவிடும். அதைவிட முக்கியமானது, பிளவு ஏன் வந்தது என்பதை அது கவனிப்பதே இல்லை.

விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் உலோகக் கீலைத் தாங்குவது, உறையின் உட்புறம் துருத்தி நிற்கும் பிளாஸ்டிக் குமிழ்களுக்குள் சூடாக்கிப் பதித்த, திருகாணி ஏறும் சிறு பித்தளை மரைகள்தாம். கீலிலுள்ள கிரீஸ் நாளடைவில் வறண்டு கீல் இறுகும்போது, நாம் திரையை உயர்த்தும் விசை முழுவதும் அந்தக் குமிழ்களின் மேல் விழுகிறது. திரையின் ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கம் இருந்தால் ஒரே பக்கக் குமிழ்கள் இருமடங்கு சுமக்கின்றன. பித்தளை மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருவதுதான் நீங்கள் கேட்ட ஒலி. ஆகவே எவ்வளவு நன்றாக ஒட்டினாலும், கீல் இறுகியே இருந்தால் அது மறுபடியும் பிய்யும்.

எதையும் கழற்றுமுன் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கணினியை மட்டமான மேசையில் வைக்கும்போது ஆடினாலோ, டச்பேட் மேலெழுந்து அழுத்த முடியாமல் இருந்தாலோ, உறையை உள்ளிருந்து தள்ளுவது பேட்டரியாக இருக்கலாம். அப்படியானால் சார்ஜ் ஏற்றாதீர்கள், பிளவை அழுத்தி மூடவும் முயலாதீர்கள். நேரே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். உத்தரவாதக் காலம் இன்னும் மிச்சமிருந்தாலும் நீங்கள் திறக்காமல் இருப்பதே நல்லது.

பேட்டரி சரியாக இருந்தால், உடைந்தது எந்தப் பக்கம் என்பதைக் கொண்டு முடிவெடுக்கலாம். திரைக்குப் பின்னுள்ள மேல்மூடியில் குமிழ் உடைந்திருந்தால், ஒட்டுவதைவிட மூடியை மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில், மாடல் எண்ணைச் சொன்னால் பல மாடல்களுக்கு அந்த மூடி தனியாகவே கிடைக்கும். ஆனால் மாற்றும் வேலை நுணுக்கமானது: கீல் வழியாகச் செல்லும் திரைக் கேபிளையும், மூடிக்குள் ஒட்டியிருக்கும் வைஃபை ஆன்டெனா கம்பிகளையும் அறுக்காமல் எடுக்க வேண்டும்; திரைக் கண்ணாடியோ லேசாக வளைந்தாலே விரிசல் காணும். இதற்கு முன் மடிக்கணினியைத் திறந்து பழகாதவர்கள் இதை மட்டும் கடைக்காரரிடம் விட்டுவிடலாம்.

உடைந்தது விசைப்பலகைப் பக்கம் என்றால் கதை வேறு. அந்தப் பாகத்தோடு விசைப்பலகையையே உருக்கிப் பிணைத்திருப்பது வழக்கமாதலால், மாற்றினால் செலவு கூடும். எனவே இங்கே ஒட்டுவதில் பொருளுண்டு, பொறுமையுள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். அடிமூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். திருகாணிகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமானதைக் குட்டையான துளையில் முடுக்கினால் மதர்போர்டையே குத்திவிடும் என்பதால், எது எங்கிருந்து வந்தது என்று தாளில் படம் வரைந்து, அதன்மேலேயே அவற்றை வையுங்கள். உடைந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோன் வேண்டாம், அது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். அரால்டைட் போன்ற இரு குழாய்ப் பசையில், சில நிமிடங்களில் இறுகும் வகையைத் தவிர்த்து மெதுவாக இறுகும் வகையைக் கலந்து, பித்தளை மரையைப் பழைய இடத்தில் அமர்த்திச் சுற்றிலும் பூசுங்கள். மரைக்குள் பசை இறங்காதிருக்க, எண்ணெய் தடவிய திருகாணி ஒன்றை அதில் செருகி வைக்கலாம். ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

அது காயும் நேரத்தில் கீலைக் கவனியுங்கள். பல கீல்களின் முனையில் ஒரு சிறு நட்டு இருக்கும். அதை மிகச் சிறிதளவு இடப்புறமாகத் திருப்பினால் இறுக்கம் தளரும். திரை தன் எடையால் சாயாமல் நிற்கும் அளவுக்கு மட்டுமே தளர்த்த வேண்டும். நட்டு இல்லாமல் அறைந்து மூடிய கீல் என்றால் புதிய கீல்தான் வழி.

கடையில் கொடுப்பதானாலும், மூடியை மாற்றும்போது கீலின் இறுக்கத்தைப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பார்க்காமல் மூடியை மட்டும் மாற்றித் தருபவரிடம் கொடுக்க வேண்டாம்.