ஜனத்தின் பாவத்துக்காக ஒருவர் துக்கித்தால்: உபவாசம் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, யூத ஆசாரியரும் வேதபாரகருமான எஸ்றா தாமே தவறு செய்யாதவர். பிறகு ஏன் அவர் உபவாசமிருந்தார்?

பதில்: எஸ்றா 9ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அவர் எருசலேமுக்கு வந்த ஆண்டைக் கி.மு. 458 என்று பெரும்பாலும் கணக்கிடுவார்கள். சில மாதங்களுக்குள், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்கள், ஆசாரியரும் லேவியரும் உட்பட, விலக்கப்பட்ட ஜாதிகளில் பெண்கொண்டார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டுகிறது. வஸ்திரத்தையும் சால்வையையும் கிழித்து, தலையிலும் தாடியிலும் மயிரைப் பிடுங்கி, அந்திப்பலி நேரம்வரை திகைத்துப்போய் உட்கார்ந்திருந்துவிட்டு, அதன் பிறகே முழங்காற்படியிடுகிறார். "நான் வெட்கப்படுகிறேன்" என்று தொடங்கும் ஜெபம், அதே வசனத்துக்குள் "எங்கள் அக்கிரமங்கள்" என்று மாறுகிறது. குற்றம் செய்தவர்களைத் தனியே பிரித்து, "அவர்கள்" என்று சுட்டும் சொல் அதற்குப்பின் வரவேயில்லை. என்னை மிகவும் தொடுவது இன்னொன்று: தானியேல் 9இல் "ஆண்டவரே, மன்னியும்" என்ற மன்றாட்டு உண்டு, எஸ்றாவின் ஜெபத்திலோ மன்னிப்பைக்கூட அவர் கேட்கவில்லை. தம் ஜனத்தோடு சேர்ந்து குற்றவாளியாக நிற்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

கேள்வி: இரட்டு உடுத்துவதும் புழுதியைத் தலையில் போட்டுக்கொள்வதும் எதற்காக?

பதில்: இரட்டு என்பது ஆட்டுமயிரில் நெய்த முரட்டுத் துணி. யோசேப்பு இறந்தான் என்று நம்பிய யாக்கோபும் அதையே அரையில் கட்டிக்கொண்டார். ஆக, இது இழவு வீட்டுக் கோலம்; ஜனத்தின் பாவத்தை வீட்டில் விழுந்த சாவாகவே கருதினார்கள்.

கேள்வி: நியாயப்பிரமாணம் உபவாசத்தைக் கட்டளையிடுகிறதா?

பதில்: ஏழாம் மாதம் 10ஆம் தேதி, பாவநிவாரண நாளில், "ஆத்துமாக்களைத் தாழ்மைப்படுத்த" வேண்டும் என்று லேவியராகமம் 16 சொல்கிறது. அதை உபவாசம் என்றே யூதர்கள் புரிந்துகொண்டார்கள். மற்றவை பெரும்பாலும் நெருக்கடியில் எழுந்தவை.

கேள்வி: உபவாசமிருந்தால் தேவன் கட்டாயம் இரங்குவாரா?

பதில்: அப்படி எண்ணியவர்களைத்தான் ஏசாயா 58 கடிந்துகொள்கிறது. உபவாச நாளிலேயே வேலைக்காரரை ஒடுக்கிவிட்டு, நாணலைப்போலத் தலைகுனிந்து நிற்பதில் என்ன இருக்கிறது என்று அது கேட்கிறது. வஸ்திரத்தையல்ல, இருதயத்தைக் கிழியுங்கள் என்கிறார் யோவேல். பிற்காலத்தில் யூத ரபீக்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், உபவாசங்களைப் பற்றிய தாஅனித் பகுதி, மழையில்லாக் காலத்துப் பொது உபவாசத்தை விவரிக்கிறது: தோரா சுருள்கள் வைக்கும் பேழையை வீதிக்குக் கொண்டுவந்து அதன்மேல் சாம்பல் தூவியபின், மூப்பர் ஒருவர் எழுந்து, நினிவே மக்களின் இரட்டையும் உபவாசத்தையும் தேவன் கண்டார் என்று எழுதியிருக்கவில்லை, அவர்கள் பொல்லாத வழியைவிட்டுத் திரும்பின செயல்களைக் கண்டார் என்றே எழுதியிருக்கிறது என்று சபைக்கு நினைவூட்டுவார். சாம்பலைத் தூவிய கையோடு இதைச் சொல்லவைத்த முன்னோரின் நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: ஆனால் எஸ்றாவின் துக்கம், மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிடும் தீர்மானத்தில் அல்லவா முடிந்தது?

பதில்: ஆம், அதை மழுப்ப எனக்கு மனமில்லை. ஒன்பதாம் மாதம் 20ஆம் தேதி, தேவாலய வீதியில் மழையில் நடுங்கியபடி ஜனங்கள் அதற்குச் சம்மதித்தார்கள். மோவாபியப் பெண்ணான ரூத்தைத் தாவீதின் பாட்டனுக்குத் தாயாகப் போற்றும் புத்தகமும் இதே வேதத்தில் உண்டு. ஆகவே இந்த ஒரு தீர்வையே எல்லாக் காலத்துக்கும் விதியாகக் கொள்ளக்கூடாது என்பது என் கருத்து. அனுப்பப்பட்ட பெண்களின் அழுகையை எஸ்றா புத்தகம் பதிவுசெய்யவில்லை. அந்நிய ஜாதியில் பெண்கொண்டவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, அவர்களில் சிலருக்கு அந்தப் பெண்களிடத்தில் பிள்ளைகளும் இருந்தார்கள் என்ற வாக்கியத்தோடு அது நின்றுவிடுகிறது.